தோட்டா எந்த இடத்துல நின்னுச்சு? போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஏன் சிக்குதுன்னு புரிஞ்சுக்க ஒரு எளிய விளக்கம்

போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்ல சுடறவங்களுக்கு என்னைக்காவது ஒரு நாள் இது நடந்தே தீரும். சுட்டாச்சு, கைப்பிடியத் தூக்கி பின்னாடி இழுக்கறீங்க, போல்ட் (கைப்பிடியோட முன்ன பின்ன ஓடற இரும்புத் தண்டு) மட்டும் வருது, காலி கேஸ் (சுட்டதும் மிஞ்சற பித்தளைக் கூடு) சேம்பருக்குள்ளயே, அதாவது குழலோட பின் முனைல தோட்டா உட்கார்ற இடத்துலயே, உட்கார்ந்திருக்கு. இல்லன்னா காலி கேஸ் நல்லாத்தான் வெளிய விழுந்துச்சு, அடுத்த தோட்டாவத் தள்ளும்போது பாதி வழில முட்டிக்கிட்டு முன்னாடியும் போகல பின்னாடியும் வரல. அந்த நேரத்துல கை தானா பண்ற வேலை ஒன்னுதான், இன்னும் பலம் போட்டு அடிச்சுத் தள்றது. புதுசா சுடக் கத்துக்கறவங்க நிறைய பேர் இதைப் பண்றதப் பார்த்திருக்கேன், நானும் பண்ணிருக்கேன், அதனாலதான் உட்கார்ந்து இவ்வளவு எழுதறேன். சிக்குனா கைய எடுங்க, தோட்டா சரியா எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க, முடிஞ்சா போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. அந்த நிலைமை கலையறதுக்கு முன்னாடி பார்த்துட்டா பாதி காரணம் அங்கயே தெரிஞ்சிடும். அடிச்சுப் பிடுங்கிட்டா அப்புறம் எதை வச்சு கண்டுபிடிக்கறது?

பாதுகாப்பு பத்தி முதல்லயே சொல்லிடறேன். சிக்கின ரைபிளோட குழல் எப்பவும் டார்கெட் பக்கம்தான் இருக்கணும், என்ன ஆச்சுன்னு காட்டறேன்னு திரும்பி பக்கத்துல இருக்கறவர்கிட்ட நீட்டக்கூடாது. ட்ரிகர் இழுத்து வெடிக்கலன்னா உடனே போல்டைத் திறக்காதீங்க, மருந்து சில சமயம் லேட்டா பத்திக்கும், அரை நிமிஷமாவது அப்படியே பிடிச்சிருந்துட்டு அப்புறம் திறங்க. கீழ நான் சொல்ற சோதனை எல்லாம் மருந்து இல்லாத டம்மி தோட்டா வச்சுதான், அதைப் பண்ற ரூம்ல லைவ் ரவுண்டு ஒன்னுகூட இருக்கக்கூடாது. சுத்தம் பண்றது, பார்த்துக் கண்டுபிடிக்கறது வரைக்கும் நம்ம வேலை, பார்ட்ஸ் மாத்தறது, அரம் போடறது எல்லாம் லைசென்ஸ் இருக்கற கன்ஸ்மித்தோட வேலை. நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டம் ரிப்பேர் தொழிலுக்கும் லைசென்ஸ் கேக்குது, அது ஒரு பக்கம், தப்பா ஒரு தடவை அரம் போட்ட இரும்பு திரும்ப வளராதுங்கறது இன்னொரு பக்கம்.

சரி, உதாரணத்துக்கு நம்ம ஆளுங்க எல்லாரும் எங்கயாவது பார்த்திருக்கற த்ரீ நாட் த்ரீயவே (.303) எடுத்துக்கறேன், அதான் லீ என்ஃபீல்ட். ஸ்காட்லாந்துல பொறந்து சின்ன வயசுலயே கனடா போய், அப்புறம் அமெரிக்காவுல செட்டில் ஆன ஜேம்ஸ் பாரிஸ் லீங்கற ஆள் போட்ட டிசைன். தோட்டாவ ஒன்னு மேல ஒன்னா அடுக்கி கீழ ஸ்பிரிங் வச்ச பெட்டி மேகசின் அவரோடதுதான். 1895-ல லீ என்ஃபீல்ட்னு பேர் வந்துச்சு, 1907-ல மார்க் த்ரீ வந்துச்சு, மேற்கு வங்காளத்துல இருக்கற இஷாப்பூர் ஃபேக்டரில அதை வருஷக்கணக்கா செஞ்சாங்க. போலீஸ் தோள்ல ரொம்ப காலம் தொங்குனது அதுதான், உத்தரப் பிரதேச போலீஸ்லாம் 2020 குடியரசு தினத்துலதான் அதுக்கு விடை கொடுத்தாங்க. நம்ம என்.சி.சி பசங்க ரொம்ப காலம் ட்ரில் பண்ணினதும் அதே துப்பாக்கிய வச்சுத்தான். லைசென்ஸ்ல கிடைக்கற .315 ஸ்போர்ட்டிங் ரைபிளும் அதே லீ குடும்பம், .303 ராணுவத் தோட்டா, அதை பொதுமக்களுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்துல இருந்த தடையால வேற தோட்டாவுக்கு செஞ்சது, அவ்வளவுதான். அதனால இங்க சொல்றது பெரும்பாலும் அதுக்கும் பொருந்தும்.

இப்ப அடிப்படை. தோட்டாவோட அடிப்பக்கம் ஒரு விளிம்பு இருக்கும் பாருங்க, ரிம்முன்னு சொல்லுவாங்க. .303-ல அது கேஸ் உடம்பை விட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், ரிம்மோட குறுக்களவு 13.7 மி.மீ, தடிமன் ஒன்றரை மி.மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ரைபிளுக்குள்ள தோட்டா படற பாடு எல்லாமே இந்த ரிம்மைச் சுத்தித்தான். போல்ட் முன்னாடி போகும்போது மேகசின்ல மேல இருக்கற தோட்டாவோட ரிம்மைத் தள்ளி சேம்பருக்குள்ள கொண்டுபோகுது, இது ஃபீடிங். சேம்பருக்குள்ள போனதும் தோட்டா எவ்வளவு ஆழம் போகணும்னு நிறுத்தறதும் அதே ரிம்தான். போல்ட் ஹெட்ல கொக்கி மாதிரி ஒரு சின்ன பார்ட் இருக்கும், எக்ஸ்ட்ராக்டர், அது ரிம்மைக் கவ்விக்கும். சுட்டதுக்கப்புறம் பின்னாடி இழுக்கும்போது கொக்கி ரிம்மோட சேர்த்து கேஸை உருவிக்கிட்டு வரும், இது எக்ஸ்ட்ராக்‌ஷன். கடைசியா கேஸ் ஒரு பக்கம் எதுலயோ தட்டி வெளிய பறக்கும், இது எஜெக்‌ஷன். எந்தப் பிரச்சனையா இருந்தாலும் அந்த நிமிஷம் ரிம் எங்க இருக்கு, அதை யார் பிடிச்சிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க, பதில் தானா வரும்.

ஃபீடிங் பிரச்சனைல .303-க்கே உரிய ஒன்னு ரிம் லாக். இதை எனக்குப் புரிய வச்சது என்.சி.சி கேம்ப்ல ஒரு ஹவில்தார் சார். ஒரு பையன் ட்ரில் ரவுண்டு போட்டு போல்டைத் தள்றான், தள்றான், போகவே இல்ல, முகமெல்லாம் செவந்துடுச்சு. சார் வந்து, "தம்பி, கைய எடுடா, அதுக்கு வலிக்குது"ன்னு சொல்லிட்டு மேகசினைக் கழட்டி கைல வச்சு எங்க எல்லாரையும் சுத்தி உட்காரச் சொன்னார். மேல இருந்த ரெண்டு தோட்டாவையும் பக்கவாட்டுல காட்டினார், மேல இருக்கற தோட்டாவோட ரிம் கீழ இருக்கறதோட ரிம்முக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்துச்சு. மேல இருக்கறத விரலால முன்னாடி தள்ளினார், அது கீழ இருக்கறதோட ரிம்மைக் கொக்கி மாதிரி மாட்டிக்கிட்டு அதையும் சேர்த்து இழுக்கப் பார்த்துச்சு, ரெண்டும் நகரல. அப்புறம் மேல இருக்கறத எடுத்து அதோட ரிம் கீழ ரிம்முக்கு முன்னாடி வர்ற மாதிரி வச்சு மறுபடி தள்ளினார், வழுக்கிக்கிட்டு போச்சு. அந்த ஒரு நிமிஷம் பார்த்தது இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது, எவ்வளவு படம் போட்டு விளக்கினாலும் அந்த அளவுக்குப் புரிஞ்சிருக்காது.

அதனால விதி ஒன்னுதான், மேல வைக்கற ஒவ்வொரு தோட்டாவோட ரிம்மும் அதுக்குக் கீழ இருக்கறதோட ரிம்முக்கு முன்னாடி இருக்கணும். கையால ஒன்னொன்னா போடறவங்க ஒவ்வொன்னையும் கீழ அமுக்கி பின்னாடி தள்ளும்போது இதைப் பார்த்துக்கிட்டே போட்டா போதும். ராணுவத்துல அஞ்சு தோட்டா மாட்டுற சார்ஜர் கிளிப் வச்சு போடுவாங்க, அதுல 1, 3, 5-வது தோட்டாவோட ரிம் கீழ, 2, 4-வது மேலன்னு மாத்தி மாத்தி அடுக்கறது முறை, அப்படி அடுக்குனா கிளிப்பைத் தலைகீழா வச்சாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அவசரத்துல எந்தப் பக்கம்னு யோசிக்க வேண்டாம். ரிம் லாக் ஆயிடுச்சுன்னா போல்டைப் பின்னாடி இழுத்து, மேகசினைக் கழட்டி, எல்லாத்தையும் எடுத்து திரும்பப் போடறதுதான் வழி, அடிச்சுத் தள்ளுனா மேகசின் உதடுதான் வளையும்.

மேகசின் உதடுன்னு சொன்னேன்ல, அதான் மேல ரெண்டு பக்கமும் உள்பக்கமா மடிஞ்சிருக்கற தகடு, தோட்டா துள்ளி வெளிய வராம பிடிச்சுக்கறதும் எந்தக் கோணத்துல சேம்பரைப் பார்க்கணும்னு தீர்மானிக்கறதும் அதுதான். ஃபீடிங் பிரச்சனைன்னு வந்தா என்னோட சந்தேகம் முதல்ல மேகசின் மேலதான், ரைபிள் மேல போறது அப்புறம்தான். லீ என்ஃபீல்ட் மேகசின் கழட்டற மாதிரி இருந்தாலும் அடிக்கடி கழட்டி மாத்தறதுக்குன்னு வச்சது இல்ல, பழைய மாடல்கள்ல அதைச் சங்கிலி போட்டு ரைபிளோடவே கோத்து வச்சிருந்தாங்க. ஒரு ரைபிளுக்குன்னு உதட்டைச் சரி பண்ணி செட் பண்ணின மேகசின் இன்னொரு ரைபிள்ல ஒழுங்கா வேலை செய்யும்னு சொல்ல முடியாது. லீ என்ஃபீல்ட்லயே நம்பர் ஒன் மாடலோட மேகசின் நம்பர் ஃபோர் மாடல்ல சரியா உட்காராது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க.

தோட்டாவோட மூக்கு எங்க முட்டுதுன்னு பார்த்தா உதடா ஸ்பிரிங்கான்னு தெரிஞ்சிடும். மூக்கு கீழ சாஞ்சு மேகசினோட முன் சுவர்லயோ சேம்பருக்கு முன்னாடி இருக்கற சரிவுலயோ முட்டுதுன்னா முன்பக்கம் தூக்கிக் கொடுக்கற பலம் பத்தலன்னு அர்த்தம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லன்னா தோட்டாவத் தாங்கற தட்டு கோணலா உட்கார்ந்திருக்கும், பல சமயம் அந்தத் தட்டைக் கழட்டி திரும்ப மாட்டும்போது சரியா மாட்டாம விட்டிருப்போம். மூக்கு மேல தூக்கிக்கிட்டு சேம்பரோட மேல் விளிம்புல இடிக்குதுன்னா, இல்லன்னா தோட்டா மேகசினை விட்டே துள்ளுதுன்னா, உதடு விரிஞ்சிருக்குன்னு அர்த்தம், கீழ விழுந்த மேகசினுக்கு அடிக்கடி இது வரும். போல்ட் தோட்டாவுக்கு மேலயே வழுக்கிக்கிட்டு போய் வெறும் சேம்பர்ல மூடிக்குதுன்னா மேகசின் போதுமான உயரத்துக்கு வரல. இதுக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு, டம்மி தோட்டா போட்டு, இடது கையால மேகசினோட அடிய மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு போல்டைத் தள்ளிப் பாருங்க. அழுத்திப் பிடிச்சா ஒழுங்கா எடுக்குது, விட்டா எடுக்கலன்னா மேகசினைப் பிடிக்கற கேட்ச் தேஞ்சிருக்கு, இல்ல அந்தப் பள்ளத்துல அழுக்கு இருக்கு. அழுத்தினாலும் எடுக்கலன்னா ஸ்பிரிங்கைப் பாருங்க.

இன்னொன்னு, எத்தனாவது தோட்டா சிக்குதுன்னு எண்ணுங்க. எப்பவும் கடைசி ஒன்னு ரெண்டுதான் தகராறு பண்ணுதுன்னா ஸ்பிரிங் களைச்சுப் போச்சு, ஏன்னா தோட்டா குறையக் குறைய ஸ்பிரிங் விரிஞ்சு பலம் குறையும். நிறைய இருக்கும்போது முதல் தோட்டாதான் இறுக்கமா இருக்குன்னா வேற பக்கம் தேடணும், உள்ள அழுக்கு, நசுங்கின மேகசின் உடம்பு, இல்ல ரிம் அடுக்கினதுல தப்பு. ஒரு சின்ன நோட்டுல தேதி, தோட்டாவோட லாட் (எந்த பேட்ச்ல செஞ்சதுன்னு), எத்தனாவதுன்னு மூணு விஷயம் எழுதி வச்சா நாலு தடவை சுட்டதுக்கப்புறம் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு ஒழுங்கு வரும்.

எல்லா போல்ட் ரைபிளும் ரிம்மை ஒரே மாதிரி பிடிக்காது, இதையும் தெரிஞ்சுக்கணும். 1898-ல வந்த ஜெர்மன் மௌசர்ல நீளமான நகம் மாதிரி ஒரு எக்ஸ்ட்ராக்டர் போல்டோட பக்கத்துல ஓடும், தோட்டா மேகசினை விட்டு மேல வரும்போதே அதோட அடிப்பக்கம் அந்த நகத்துக்கு அடியில வழுக்கி மாட்டிக்கும், சேம்பருக்குள்ள போறதுக்கு முன்னாடியே போல்ட் அதைக் கைல பிடிச்சாச்சு. 1962-ல வந்த ரெமிங்டன் 700 மாதிரி ரைபிள்ல போல்ட் தோட்டாவ சும்மா முன்னாடி தள்ளிக்கிட்டு போகும், முழுசா மூடும்போதுதான் சின்ன கிளிப் ஒன்னு விளிம்பு மேல ஏறி கவ்வும். லீ என்ஃபீல்டும் கிட்டத்தட்ட இந்தத் தள்ளற வகைல சேர்த்துக்கலாம். இதுல என்ன ஆபத்துன்னா, பதட்டத்துல போல்டை முன்னாடி தள்ளிட்டு முழுசா மூடாம திரும்ப இழுத்துட்டீங்கன்னா தோட்டா சேம்பர்ல தனியா நின்னுடும், போல்ட் பின்னாடி போய் இன்னொன்னை எடுத்துக்கிட்டு வரும், அதோட கூர் மூக்கு முன்னாடி இருக்கற தோட்டாவோட பிரைமர் (அடிபட்டா மருந்தைப் பத்த வைக்கற சின்ன மூடி) மேல போய் இடிக்கும். இதுல பலம் போடவே கூடாது. போல்டைப் பின்னாடி எடுத்து, மேகசினைக் கழட்டி, ரெண்டாவது தோட்டாவ முதல்ல எடுத்து, அப்புறம் காலி போல்டை முழுசா மூடித் திறந்து முதல் தோட்டாவ வெளிய எடுக்கணும். மௌசர் வச்சிருக்கறவங்களுக்கு எதிர் மாதிரி ஒரு எச்சரிக்கை, தோட்டாவ நேரா சேம்பருக்குள்ள போட்டு போல்டை அடிச்சு மூடாதீங்க, அந்த நகம் விளிம்பு மேல ஏறறதுக்குன்னு செஞ்சது இல்ல, முனை உடையும். மேகசின் வழியாவே ஏத்துங்க.

இப்ப எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு வர்றேன், எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான். கேஸ் ஏன் சேம்பர்ல ஒட்டுது? பித்தளை கேஸ் சுடற நிமிஷத்துல உள்ள வர்ற அழுத்தத்துல பலூன் மாதிரி விரிஞ்சு சேம்பர் சுவத்தோட ஒட்டிக்கும், வாயு பின்னாடி கசிஞ்சு நம்ம முகத்துல அடிக்காம இருக்கறதுக்கு அது தேவை. அழுத்தம் போனதும் பித்தளை கொஞ்சம் சுருங்கி சுவத்தை விட்டு விலகும், அந்த மயிரிழை இடைவெளிலதான் கேஸ் வெளிய வருது. சேம்பர் சுவர்ல துரு குழி இருந்தாலோ, கரி படிஞ்சிருந்தாலோ, தோட்டாவுல அழுத்தம் அளவுக்கு மேல போனாலோ அந்த இடைவெளி கிடைக்காது.

அதுக்காகத்தான் கைப்பிடியத் தூக்கறப்பவே போல்ட் ஒரு சாய்வு மேல ஏறி கொஞ்சம் பின்னாடி வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. திருகாணி திருகற மாதிரி கைல போடற சின்ன பலம் கேஸ் மேல பெரிய பலமா விழுது, ஒட்டினது முதல்ல இப்படித்தான் விடுபடும், அப்புறம் இழுக்கறது வெறும் உருவறதுதான். லீ என்ஃபீல்ட்ல ஸ்ட்ரைக்கர் (பிரைமரை அடிக்கற ஊசி) ஸ்பிரிங் பெரும்பாலும் போல்டை மூடும்போதுதான் அமுங்கும், அதனால திறக்கும்போது கைல இருக்கற பலம் முக்கால்வாசி கேஸை விடுவிக்கறதுக்கே போகும், அந்த ரைபிள் வேகமா சுட சௌகரியமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த சாய்வோட அருமை தெரியணும்னா ராஸ் ரைபிள் கதையப் பாருங்க. கனடா ராணுவம் முதல் உலகப்போருக்கு எடுத்துட்டுப் போனது, கைப்பிடிய மேல தூக்கற வேலையே கிடையாது, நேரா இழுத்து நேரா தள்றது. டார்கெட்ல அருமையா அடிக்கும். 1915 ஏப்ரல்ல பெல்ஜியத்துல ஈப்ரே சண்டைல சேறு, சூடு, அளவுல கொஞ்சம் பெருசு சிறுசா இருந்த பிரிட்டிஷ் தோட்டா, அதுக்கு ஈடு கொடுக்காத இறுக்கமான சேம்பர், எல்லாம் சேர்ந்து கேஸ் ஒட்டிக்கிச்சு. நேரா இழுக்கறதுல அந்தத் திருகாணி பலம் போதல, சிப்பாய்கள் போல்டை பூட்ஸ் காலால உதைச்சும் பதுங்கு குழி தோண்டற கருவியோட பிடியால அடிச்சும் திறக்க வேண்டி வந்துச்சு. உயிர் பிழைச்சவங்கள்ல 1,400 பேருக்கு மேல ராஸைத் தூக்கிப் போட்டுட்டு செத்தவங்க பக்கத்துல கிடந்த லீ என்ஃபீல்டை எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் சேம்பரைப் பெருசு பண்ணிப் பார்த்தாங்க, 1916-ல முன்னணிப் படைகள்கிட்ட இருந்து அதை எடுத்துட்டு லீ என்ஃபீல்டையே கொடுத்துட்டாங்க. லீ என்ஃபீல்ட் சேம்பர் ஆரம்பத்துலயே கொஞ்சம் தாராளமா வெட்டினது, சேத்தோட உள்ள போனாலும் வெளிய வரும். கேஸ் வெளிய வரலன்னா மனுஷன் கைல இருக்கறது வெறும் கம்புதான், அந்தப் பசங்களை நினைச்சா இன்னைக்கும் மனசு பாரமா இருக்கு.

சரி, உங்க ரைபிள்ல கேஸ் உள்ளயே நின்னுட்டா ரெண்டு விதமா பிரிச்சுக்கோங்க. கைப்பிடியத் தூக்கறதே கஷ்டமா இருக்கா, இல்ல ஈசியா தூக்கி ஈசியா இழுத்துட்டீங்க ஆனா கேஸ் கூட வரலயா? முதலாவதுன்னா கேஸ் ஒட்டியிருக்கு, கொக்கி மேல தப்பு இல்ல. காலி கேஸோட பிரைமரைப் பாருங்க, தட்டையா பரவி ஓரமே தெரியாம இருந்தா அழுத்தம் அதிகம், அந்த லாட் தோட்டாவ அன்னைக்கே நிறுத்திடுங்க. பிரைமர் நல்லா இருந்தா சேம்பரைப் பாருங்க, டார்ச் அடிச்சு ஒரு சின்ன கண்ணாடில. கேஸ் மேல நீளவாக்குல கீறல் இருந்தா உள்ள ஏதோ உறுத்துது. எங்கன்னு தெரியணும்னா டம்மி தோட்டா முழுக்க மார்க்கர் பேனாவால கருப்படிச்சு காய வச்சு, சேம்பர்ல போட்டு மூடித் திறந்து பாருங்க, எங்க மை தேஞ்சிருக்கோ அங்கதான் உரசுது. வெண்கல பிரஷ்ல சால்வென்ட் நனைச்சு சேம்பரைச் சுத்தி சுத்தித் தேய்ச்சு, காஞ்ச துணியால துடைச்சு, மறுபடி அதே சோதனை. பாதி பிரச்சனை இங்கயே தீர்ந்துடும்.

ரெண்டாவதுன்னா கொக்கி ரிம்மை விட்டு நழுவியிருக்கு. உள்ள இருக்கற காலி கேஸைக் குழல் வழியா கிளீனிங் ராடு விட்டு மெதுவா தட்டி வெளிய எடுக்கலாம், ஆனா சுட்ட காலி கேஸ்தான்னு கண்ணால பார்த்து உறுதியானா மட்டும், லைவ் ரவுண்டை ராடு விட்டுத் தட்டவே கூடாது. அப்புறம் போல்டை வெளிய எடுத்து, ஒரு காலி கேஸோட ரிம்மை எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில மாட்டி, போல்டைப் படுக்கையா பிடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. கேஸ் போல்ட் முகத்தோட ஒட்டி நிக்கணும், உடனே தொங்கி விழுந்தா பிடி பத்தல.

நான் சுடற கிளப்புல ஒரு பழைய ரைபிள் பத்துல மூணு தடவை கேஸை விட்டுட்டு வரும். எல்லாரும் ஸ்பிரிங் போச்சு, புதுசு வாங்கணும்னு முடிவே பண்ணிட்டோம். வயசான ஆர்மரர் (ஆயுதங்களைப் பராமரிக்கறவர்) ஐயா ஒருத்தர் வருவார், அவர் ஸ்பிரிங்கைத் தொடவே இல்ல. கேஸோட ரிம்மைப் பூதக்கண்ணாடில காட்டினார், உள் ஓரத்துல நகக்கண் அளவுக்குப் பளபளன்னு ஒரு பிறை மாதிரி தடம், அதாவது கொக்கி ரிம்மோட முனைய மட்டும் பிடிச்சு வழுக்கியிருக்கு, ஆழமா இறங்கவே இல்ல. அப்புறம் பல் குத்தற குச்சிய எடுத்து எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில விட்டு நோண்டினார், தாள்ல கொட்டினது கருப்பா பிசினு மாதிரி காஞ்ச எண்ணெய், அதுக்குள்ள மஞ்சளா மின்னுற பித்தளைத் துகள். வருஷக்கணக்கா கேஸ்ல இருந்து சீவி வந்த துகள் எண்ணெய்ல ஊறி கெட்டியாகி கொக்கியத் தூக்கியே வச்சிருந்திருக்கு. மண்ணெண்ணெய்ல கழுவி, துடைச்சு, ஒரே ஒரு சொட்டு எண்ணெய். "சாமான் கெட்டுப் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி சாமானைக் கண்ணால பாருங்க கண்ணு"ன்னு சொன்னார். அதுக்கப்புறம் நான் இருந்த வரைக்கும் அந்த ரைபிள் ஒரு கேஸைக்கூட விட்டதில்ல. சுத்தம் பண்ணியும் பிடிக்கலன்னா கொக்கியோட முனை உடைஞ்சிருக்கா, மழுங்கியிருக்கான்னு பாருங்க, இருந்தா அது கன்ஸ்மித் வேலை.

.303 சுடறவங்க, அதுலயும் காலி கேஸைத் திரும்ப மருந்து போட்டு ஓட்டற நாடுகள்ல இருக்கறவங்க, ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருக்கணும். போல்டை இழுத்தா கேஸ் வரும், ஆனா பாதிதான் வரும். அடிப்பக்கம் வெளிய, மேல் பாதி குழாய் மாதிரி சேம்பருக்குள்ள. அவசரத்துல கவனிக்காம அடுத்ததப் போட்டா அது பாதில முட்டி நிக்கும், நாம ஃபீடிங் பிரச்சனைன்னு நினைச்சு தள்ளிக்கிட்டு இருப்போம். ரிம்முக்கு விட்ட இடம் தேஞ்சு அதிகமாகும்போது கேஸ் ஒவ்வொரு தடவையும் முன் பின்னா இழுபட்டு அடிப்பக்கத்துல மெலிஞ்சு கடைசில அறுந்துடும். அந்த இடைவெளிய அளக்க 0.064 இஞ்ச், 0.074 இஞ்ச்னு ரெண்டு கேஜ் உண்டு, முதல் கேஜ் மேல போல்ட் மூடணும், ரெண்டாவது மேல மூடக்கூடாது. வீட்டுலயே தெரியணும்னா பேப்பர் கிளிப்பை நிமித்தி முனைய லேசா வளைச்சு காலி கேஸுக்குள்ள விட்டு, அடியில இருந்து மேல மெதுவா உள்சுவத்தைத் தடவிக்கிட்டே வாங்க. ஒரு இடத்துல பள்ளத்துல விழுந்து ஏறற மாதிரி விரலுக்குத் தெரிஞ்சா அந்தக் கேஸோட ஆயுசு முடிஞ்சது. வெளியவும் அதே உயரத்துல வெள்ளையா ஒரு வளையம் தெரியும்.

எஜெக்‌ஷன் பத்தி சொல்ல அதிகம் இல்ல. கேஸ் சேம்பரை விட்டு வந்துடுச்சு, ஆனா பறக்காம மேகசின் மேலயே படுத்துக்கிச்சுன்னா முதல்ல உங்க கையப் பாருங்க, மெதுவா இழுத்தா லீ என்ஃபீல்ட் அப்படித்தான் போடும், ஒரே வீச்சுல கடைசி வரைக்கும் இழுக்கணும். அப்படியும் விழலன்னா ரைபிள் உடம்போட இடது பக்கச் சுவர்ல எஜெக்டரா வேலை செய்யற சின்ன திருகாணி தேஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. ரெமிங்டன் வகைல போல்ட் முகத்துல ஸ்பிரிங் வச்ச குண்டூசி மாதிரி ஒன்னு இருக்கும், அதை விரலால அமுக்குனா டக்குனு திரும்ப வரணும், சோம்பலா வந்தா உள்ள அழுக்கு.

.22 வச்சு சுடற பசங்களுக்கு தனியா ஒன்னு. இந்தச் சின்னத் தோட்டாவுல பிரைமர் நடுவுல இல்ல, ரிம்முக்குள்ளயே இருக்கு, ஸ்ட்ரைக்கர் ஓரத்துலதான் அடிக்கும். சேம்பர்ல ஒன்னும் இல்லாம சும்மா ட்ரிகர் இழுத்து விளையாடினா சில ரைபிள்ல ஸ்ட்ரைக்கர் நேரா சேம்பர் வாயோட ஓரத்துல போய் அடிக்கும், ஆயிரம் தடவை அடிச்சா இரும்பு உள்பக்கமா பிதுங்கி ஒரு சின்ன மேடு வந்துடும். அது தோட்டா உள்ள போறப்பவும் உரசும், காலி கேஸ் வர்றப்பவும் பிடிச்சுக்கும். விரல் நகத்தை சேம்பர் வாயைச் சுத்தி ஓட்டிப் பார்த்தா ஒரு இடத்துல தட்டும், காலி கேஸோட ஓரத்துலயும் அதே இடத்துல கீறல் இருக்கும். அரம் எடுத்துடாதீங்க, அந்த மேட்டைத் திரும்ப அமுக்கி விடறதுக்குன்னே ஒரு டூல் இருக்கு, கன்ஸ்மித்கிட்ட இருக்கும். .22 தோட்டா மேல இருக்கற மெழுகும் சேம்பர்ல படிஞ்சு கெட்டியாகும், மூடும்போது கடைசி மி.மீட்டர்ல இறுக்கமா இருந்தா அதுதான், பிரஷ் போட்டாலே போயிடும்.

எண்ணெய் பத்தி சொல்லாம விட மனசு வரல, நம்ம ஆளுங்க பாசத்துல கெடுக்கற விஷயம் இது. வீட்டுல இருக்கற தேங்காய் எண்ணெய போட்டு வைக்கறாங்க, அது 24, 25 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுடும், ஊட்டி கொடைக்கானல் பக்கம் போனா ஸ்ட்ரைக்கரே மெதுவாகும், மத்த ஊர்ல நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகும். கன் ஆயில் இல்லன்னா தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல். ஆனா எந்த எண்ணெயா இருந்தாலும் சுடறதுக்கு முன்னாடி சேம்பர் காஞ்சு இருக்கணும். எண்ணெய் இருந்தா கேஸ் சுவத்தைப் பிடிக்காம வழுக்கி முழு பலமும் பின்னாடி போல்ட் மேல விழும், வழுக்கிக்கிட்டு வரட்டுமேன்னு தோட்டாவுல எண்ணெய் தடவறவங்க ரைபிளுக்கு நல்லது பண்ணல. பழைய ராணுவத் தோட்டாவுல இருக்கற பிரைமர் சுட்டதுக்கப்புறம் உப்பு மாதிரி ஒரு பொருளை விட்டுட்டுப் போகும், அது நம்ம கடலோரக் காத்துல ஈரத்தை இழுத்து ராத்திரியே துரு பிடிக்க வைக்கும், உப்பு எண்ணெய்ல கரையாது, தண்ணிலதான் கரையும். அதனாலதான் பிரிட்டிஷ் காலத்துல புனல் வச்சு கொதிக்கற தண்ணிய குழல் வழியா ஊத்தி, சூட்டுலயே காய விட்டு, அப்புறம் எண்ணெய் போட்டாங்க. இன்னைக்கும் அதுதான் சரி.

கடைசில கன்ஸ்மித்கிட்ட போகத்தான் வேணும்னு ஆச்சுன்னா வெறும் ரைபிளைத் தூக்கிட்டுப் போய், "சிக்குதுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. சிக்கினப்ப எடுத்த போட்டோ, அந்த நோட்டு, ரிம்ல தடம் இருக்கற ரெண்டு மூணு காலி கேஸ், எந்த மேகசின்ல நடந்துச்சோ அந்த மேகசின், எல்லாம் கூட இருக்கணும். கிளப்புல காலி கேஸை எண்ணி வாங்கிக்கறாங்கன்னா ஆர்மரர்கிட்ட சொல்லி, தகராறு பண்ணின கேஸை மட்டும் ஒரு கவர்ல தனியா போட்டு மேல தேதி எழுதி வைக்கச் சொல்லுங்க.